சட்டவிரோதப் பணப்பரிமாற்ற வழக்கில் ஜாமீன்: "இன்னும் எத்தனை நாள் ஆகும் தம்பி?"

பாரிமுனை ஜூனியர்
வெள்ளி, இரவு 9:12

வணக்கம். சென்னையில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஆறு வருடமாக ஜூனியராக இருக்கிறேன். கிரிமினல் வழக்குகள்தான் அதிகம். போன வாரம் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அதை இங்கே வைக்கிறேன். கட்சிக்காரரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கோர்ட் வராந்தாவில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் 22,000. முதலாளி சொன்ன கணக்கிலிருந்து சொன்ன கணக்குக்குப் பணம் மாற்றுவது, வவுச்சர் போடுவது, இதுதான் வேலை. முதலாளி மீது மோசடி வழக்கு வந்தது. அதன் பின்னாலேயே அமலாக்கத் துறையும் வந்தது. முதலாளியோடு சேர்த்து இவரையும் கைது செய்தார்கள். ஏழு மாதமாகப் புழலில் இருக்கிறார். அந்த அம்மா வாரா வாரம் மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். வக்காலத்து நகல், மகளின் பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது, கணவரின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. அன்றைக்குத்தான் ஜாமீன் மனு தள்ளுபடி ஆகியிருந்தது.

"போலீஸ் கேஸ்ல ஜாமீன் குடுத்துட்டாங்க. அதே பணம், அதே விஷயம்தானே இதுவும்? இதுல மட்டும் ஏன் தர மாட்டேங்கறாங்க? இன்னும் எத்தனை நாள் ஆகும் தம்பி?"

மற்ற வழக்குகளில் இந்தக் கேள்விக்கு உத்தேசமாகவாவது ஒரு பதில் வைத்திருப்போம். குற்றப்பத்திரிகை வந்த பிறகு போட்டுப் பார்க்கலாம், முக்கிய சாட்சிகளை விசாரித்து முடித்ததும் கிடைத்துவிடும் என்று ஏதாவது சொல்வோம். இதில் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

காரணம், 2002-ஆம் ஆண்டு சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் 45-வது பிரிவு. சாதாரண வழக்கில் ஜாமீன் கேட்டால் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சியை மிரட்டுவாரா, ஆதாரத்தைக் கலைப்பாரா என்பதைத்தான். இங்கே அரசு வக்கீல் எதிர்த்தால் அதற்கு மேலும் இரண்டு படி ஏற வேண்டும். இவர் குற்றவாளி அல்ல என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் திருப்தி வர வேண்டும். வெளியே போனால் குற்றம் எதுவும் செய்ய மாட்டார் என்றும் திருப்தி வர வேண்டும். ஒரு சாட்சியைக்கூடக் கூண்டில் ஏற்றாத நேரத்தில் இதை எப்படிக் காட்டுவது? போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. அமலாக்கத் துறை அதிகாரி போலீஸ் அல்ல என்பதால், 50-வது பிரிவின்படி அவரிடம் கொடுத்த வாக்குமூலம் அப்படியே மேசைக்கு வந்துவிடுகிறது. அந்தக் கணக்கர் தன் வாக்குமூலத்தில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "முதலாளி சொன்னபடி பணத்தை மாற்றினேன்." உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். அதுவே அவருக்கு எதிராக நிற்கிறது.

இந்தக் குற்றத்துக்குப் பொதுவாகத் தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. தீர்ப்பு வருவதற்குள் அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்றால், விசாரணை எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?


தறிக்காரர் மகன்
வெள்ளி, இரவு 10:05

வக்கீல் சார், அந்த அம்மாவை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் அப்பா தறி ஓட்டியவர். முட்டி போனதும் தறியை விற்று, அந்தப் பணத்தையும் அம்மாவின் நகையை வைத்த பணத்தையும் சேர்த்து ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். மாதம் பத்தாயிரம் வரும் என்றார்கள். நான்கு மாதம் வந்தது, அப்புறம் ஷட்டர் இறங்கியது. பொருளாதாரக் குற்றப்பிரிவு ஆபீஸ் வாசலில் நாங்கள் நின்ற வரிசை தெருமுனை தாண்டிப் போனது. போலீஸ் வழக்கில் அந்த ஆள் மூன்று மாதத்தில் ஜாமீனில் வந்துவிட்டார். வந்த வாரமே எங்கள் தெரு வழியாகக் காரில் போனார். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை.

தனிமனித சுதந்திரம் என்கிறீர்களே, எங்கள் அப்பாவுக்கும் அது உண்டுதானே? பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி, நான்கு பினாமி பெயரில் நிலம் வாங்கி வைத்திருப்பவனை வெளியே விட்டால் இருப்பதையும் அழித்துவிடுவான். அதற்காகத்தானே இந்தச் சட்டத்தையே கடுமையாக வைத்திருக்கிறார்கள்?


வாசுகி
சனி, காலை 7:40

நான் சட்டக் கல்லூரி மாணவி. இந்தப் பிரிவின் கதையைச் சொன்னால் பேச்சுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

சட்டம் 2002-இல் நிறைவேறியது, 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. போதைப்பொருள், பயங்கரவாதம் போன்றவற்றில் புரளும் பணத்தைப் பிடிப்பதுதான் அப்போது சொல்லப்பட்ட நோக்கம். எந்தெந்தக் குற்றங்களில் வந்த பணம் இந்தச் சட்டத்துக்குள் வரும் என்று பின்னால் ஓர் அட்டவணை இருக்கிறது. அது முதலில் பகுதி பகுதியாகப் பிரிந்திருந்தது. 2013-இல் அமலான திருத்தத்தில் பல குற்றங்களைத் தூக்கி முதல் பகுதியில் சேர்த்தார்கள். இன்றைக்கு அதில் சாதாரண ஏமாற்று வழக்கு இருக்கிறது, பதிப்புரிமை மீறல் வரைக்கும் இருக்கிறது.

2017 நவம்பரில் நிகேஷ் தாராசந்த் ஷா வழக்கில் நீதிபதிகள் நரிமன், சஞ்சய் கிஷன் கவுல் அமர்வு இந்த இரட்டை நிபந்தனை செல்லாது என்று ரத்து செய்தது. சமத்துவத்துக்கும் வாழ்வுரிமைக்கும் எதிரானது என்றார்கள். ஆனால் 2018-லேயே நிதிச் சட்டத்தின் மூலம் சில சொற்களை மாற்றி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2022 ஜூலை 27-இல் விஜய் மதன்லால் சவுத்ரி தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. அமலாக்கத் துறையின் வழக்குப் பதிவு அறிக்கையை, அதாவது ஈசிஐஆரை, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எஃப்.ஐ.ஆர். நகலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுத்துப் பார்க்கும் காலத்தில், தன் மீது என்ன வழக்கு என்ற காகிதம் இவருக்கு மட்டும் கிடைக்காமல் போகலாம். படித்த அன்றைக்கு இதுதான் எனக்கு ரொம்ப உறுத்தியது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே, மறுஆய்வு மனுவில், இந்த ஈசிஐஆர் விஷயத்தையும் நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது வைப்பதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றமே நோட்டீஸ் அனுப்பியது.

தறிக்காரர் மகன் அண்ணா, உங்கள் அப்பா விஷயம் படித்து மனசு கனத்துவிட்டது. அவருக்கு நியாயம் கிடைக்க இந்தச் சிறைவாசம் உண்மையில் உதவுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.


ஓய்வுபெற்ற வங்கியர்
சனி, காலை 11:20

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்தேன், கடைசி ஒன்பது வருடம் கண்காணிப்புப் பிரிவு. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கொலைக்கு ஒரு கத்தி இருக்கும், ரத்தம் இருக்கும், இடம் இருக்கும். பணத்துக்கு அது கிடையாது. காலையில் ஒரு நடப்புக் கணக்கில் விழுந்த தொகை மாலைக்குள் பதினைந்து கணக்குகளாகப் பிரிந்து, இரண்டு நாளில் ரொக்கமாக வெளியேறிவிடும். அந்தப் பதினைந்து பேரும் டிரைவர், வீட்டு வேலைக்காரர், தூரத்துச் சொந்தம். பெரியவர் வெளியே இருந்தால் அத்தனை பேரும் ஒரே மாதிரி பேசுவார்கள். உள்ளே இருந்தால்தான் ஒருவராவது உண்மையைச் சொல்வார்.

சாட்சிகளைக் கலைப்பது என்பதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. போக்குவரத்துத் துறையில் வேலைக்குப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட வழக்குகளில் ஒன்று, பணம் கொடுத்தவர்களும் எதிர்த்தரப்பும் சமரசம் ஆகிவிட்டார்கள் என்று 2021-இல் உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. லஞ்சத்தில் சமரசம் என்று ஒன்று இருக்க முடியுமா? அதிகாரம் கையில் இருந்தால் வழக்கு எப்படிக் கரையும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

தம்பி சொல்லும் கணக்கருக்காக வருத்தப்படுகிறேன். ஆனால் கணக்கருக்காகக் கதவைத் திறந்தால் முதலாளியும் அதே கதவு வழியாகத்தான் போவார்.


பாரிமுனை ஜூனியர்
சனி, இரவு 8:30

ஐயா, நீங்கள் சொன்ன அதே வழக்கையே எடுத்துக்கொள்கிறேன். அதில் சிக்கிய முன்னாள் போக்குவரத்துத் துறை அமைச்சர் செந்தில் பாலாஜி மீது எனக்குத் தனிப்பட்ட அபிப்பிராயம் எதுவும் இல்லை. அவர் குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கோர்ட் சொல்லட்டும். ஆனால் அந்த வழக்கின் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் இந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

2023 ஜூன் 14 அதிகாலையில் கைது. ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுத, மூன்றாவது நீதிபதியிடம் போய், அங்கிருந்து உச்ச நீதிமன்றம் போய், கைது செல்லும் என்று ஆகஸ்ட் 7-இல் முடிந்தது. 60 நாள் கெடு முடிவதற்குச் சற்று முன்பு, ஆகஸ்ட் 12-இல் அமலாக்கத் துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதோடு கெடு தவறினால் கிடைக்கும் ஜாமீனுக்கு வழி அடைந்தது. செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் இல்லை. அக்டோபரில் உயர் நீதிமன்றத்திலும் இல்லை. இதய அறுவை சிகிச்சை ஆனவர் என்று மருத்துவக் காரணம் சொல்லிக் கேட்டதற்கு நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலும் இல்லை. 2024 பிப்ரவரி 28-இல் உயர் நீதிமன்றம் மறுபடி ஜாமீனை மறுத்து, மூன்று மாதத்தில் விசாரணையை முடியுங்கள் என்று உத்தரவு போட்டது. மூன்று மாதம் போனது, ஐந்து மாதமும் போனது. குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்ததே ஆகஸ்ட் 8-இல்தான்.

2024 செப்டம்பர் 26-இல் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி அமர்வு ஜாமீன் கொடுத்தது. 15 மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கொடுத்ததற்குக் காரணம், "இவர் மீது முகாந்திரம் இல்லை" என்பதல்ல. முகாந்திரமே இல்லை என்று இப்போது சொல்ல முடியாது என்றுதான் எழுதினார்கள். காலதாமதம் மட்டுமே காரணம். மூல வழக்குகளில், அதாவது வேலைக்குப் பணம் வாங்கியதாகப் போலீஸ் போட்ட வழக்குகளில், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல், சாட்சிகள் 500-க்கு மேல். எல்லாம் சரியாக நடந்தால்கூட மூன்று நான்கு ஆண்டில் முடிய வாய்ப்பில்லை என்று கோர்ட்டே சொன்னது.

சரி, மூல வழக்கு முடியாவிட்டால் இந்த வழக்கு ஏன் நிற்க வேண்டும்? வராந்தாவில் நின்ற அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாமல் போனது இந்த முடிச்சால்தான். பணப்பரிமாற்றக் குற்றம் தனியாக நிற்காது. முதலில் ஒரு குற்றம் நடந்து, அதில் பணம் வந்திருக்க வேண்டும். அந்த முதல் குற்றமே நிரூபணமாகாவிட்டால் இதுவும் விழுந்துவிடும் என்று விஜய் மதன்லால் தீர்ப்பே சொல்கிறது. ஆக, போலீஸ் வழக்கு முடிந்தால்தான் இது முடியும். போலீஸ் வழக்கில் ஜாமீன் எளிது, ஆனால் அது ஆமை வேகத்தில் போகும். இந்த வழக்கில் ஜாமீன் இல்லை, ஆனால் இது அந்த ஆமைக்குப் பின்னால்தான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுச் சாவியை யாரிடம் கொடுத்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியவில்லை.

கடுமையான ஜாமீன் நிபந்தனையும் முடிவில்லாத தாமதமும் ஒன்றாக இருக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்னொன்றும் சொன்னது. பல வருடம் உள்ளே வைத்துவிட்டுக் கடைசியில் ஒருவர் நிரபராதி என்று விடுதலையானால், இழந்த காலத்துக்கு இழப்பீடு கேட்கும் நிலை ஒருநாள் வரும் என்றது. அந்தப் பத்தியை ஃபோனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

சாட்சி கலைப்பு பற்றி நீங்கள் சொன்னது சரிதான் ஐயா. ஜாமீனில் வந்த மூன்றாம் நாளே அவர் மறுபடி அமைச்சரானார், சாட்சிகள் எப்படித் தைரியமாகப் பேசுவார்கள் என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. பதவியா சுதந்திரமா என்று முடிவு செய்யச் சொன்னது. 2025 ஏப்ரல் 27-இல் ராஜினாமா செய்தார். நிபந்தனை போட, மீறினால் ஜாமீனை ரத்து செய்ய, கோர்ட்டுக்குக் கை இருக்கிறது என்பதைத்தான் இதில் பார்க்கிறேன்.


தறிக்காரர் மகன்
சனி, இரவு 9:02

அமைச்சராக இருந்தவருக்கு டெல்லி வரை போக ஆள் இருக்கிறது. அந்தக் கணக்கருக்கு?


பாரிமுனை ஜூனியர்
சனி, இரவு 9:10

அதேதான். உங்களோடு இதில் எனக்கு ஒரு துளி வேறுபாடும் இல்லை.


கோவை கணக்குப்பிள்ளை
ஞாயிறு, காலை 6:55

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். 45-வது பிரிவில் சிலருக்கு விலக்கு இருக்கிறது. 16 வயதுக்குக் கீழே உள்ளவர், பெண், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர், அப்புறம் ஒரு கோடி ரூபாய்க்குக் கீழே உள்ள தொகை. இந்த ஒரு கோடி விலக்கை 2018-இல் சேர்த்தார்கள். சின்ன ஆட்களுக்கு இது உதவும் என்றுதான் நானும் நினைத்தேன்.

வாசகத்தைப் படித்துப் பாருங்கள். "தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ" ஒரு கோடிக்குக் குறைவான தொகை என்று வருகிறது. கம்பெனியில் 80 கோடி புரண்டிருந்தால், அந்த 80 கோடியும் கணக்கு எழுதியவர் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அவர் வீட்டுக்கு எடுத்துப்போனது சம்பளம் மட்டும்தான் என்றாலும் விலக்குக் கிடைப்பது சிரமம். தனியாக 90 லட்சம் சுருட்டியவர் இந்த நிபந்தனையிலிருந்து தப்பிக்கலாம், 22,000 சம்பளக்காரர் மாட்டிக்கொள்வார். எழுதியவர்களின் நோக்கம் இதுவாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் விளைவு இதுதான்.

எங்கள் தொழிலில் இருக்கும் பையன்களுக்குச் சொல்கிறேன். முதலாளி வாயால் சொல்வதைக் கேட்டுப் பெரிய தொகையை மாற்றாதீர்கள். ஒரு மின்னஞ்சல், ஒரு குறிப்புச் சீட்டு, ஏதாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.


வாசுகி
ஞாயிறு, காலை 10:15

கணக்குப்பிள்ளை சார் சொன்ன விலக்கில் பெண்கள் பற்றியும் ஒரு சண்டை நடந்தது. தெலங்கானா அரசியல்வாதி கே. கவிதா வழக்கில், படித்த, வசதியான பெண்ணுக்கு இந்தச் சலுகை எதற்கு என்கிற மாதிரி டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 ஆகஸ்ட் 27-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தவறு என்று சொல்லி ஜாமீன் கொடுத்தது. சட்டத்தில் பெண் என்றுதான் இருக்கிறது, ஏழைப் பெண் என்று இல்லை.

டெல்லியின் முன்னாள் துணை முதல்வர் மணீஷ் சிசோடியா வழக்கையும் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் ஜாமீன் மறுத்தபோது, ஆறு முதல் எட்டு மாதத்தில் விசாரணை முடியும் என்ற அரசுத் தரப்பின் வார்த்தை பதிவானது. 2024 ஆகஸ்ட் 9-இல் மறுபடி வந்தபோது விசாரணை தொடங்கவே இல்லை. சாட்சிகள் 493 பேர். 17 மாதம் உள்ளே இருந்தவரை வெளியே விட்டார்கள். கீழ் கோர்ட்டுகளும் உயர் நீதிமன்றங்களும் ஜாமீன் விஷயத்தில் நமக்கு எதற்கு வம்பு என்று பாதுகாப்பாக நடந்துகொள்கின்றன என்று அந்தத் தீர்ப்பு வருத்தப்பட்டது. அதே மாதம் பிரேம் பிரகாஷ் வழக்கில், இந்தச் சட்டத்திலும் ஜாமீன்தான் விதி, சிறை விதிவிலக்கு என்று நேராகவே சொன்னார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் 1977-இல் சொன்ன வார்த்தை அது.

இப்போது எனக்கு ஒரு சந்தேகம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 479-வது பிரிவு, அதிகபட்சத் தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகக் கழித்தவரை விடச் சொல்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு போதும். 7 வருடத்தில் அது 2 வருடம் 4 மாதம். ஆனால் அடுத்த உட்பிரிவில், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் கிடையாது என்று இருக்கிறது. பணப்பரிமாற்ற வழக்கில் மூல வழக்கு என்று ஒன்று பெரும்பாலும் கூடவே இருக்குமே? அப்படியானால் இவர்களில் யாருக்குத்தான் இது பயன்படும்?


பாரிமுனை ஜூனியர்
ஞாயிறு, காலை 10:48

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் வாசுகி. அரசுத் தரப்பு அந்த வாதத்தை எடுக்கும் என்று எதிர்பார்த்துத்தான் நாங்களும் மனு எழுதுகிறோம். பணப்பரிமாற்ற வழக்கும் மூல வழக்கும் ஒரே நிகழ்விலிருந்து வந்தவை, அவற்றைப் "பல வழக்குகள்" என்று எண்ணக் கூடாது என்பது எங்கள் பக்கம். இது எல்லோருக்கும் பொருந்தும்படி தெளிவாகிவிட்டால் அந்த அம்மாவுக்கு ஓர் எண்ணாவது சொல்லலாம். 2 வருடம் 4 மாதம் என்பது கொடுமையான எண்தான். ஆனாலும் எண்ணே இல்லாமல் இருப்பதற்கு அது பரவாயில்லை. காலண்டரில் ஒரு நாளையாவது வட்டம் போட்டு வைப்பார்.


ஓய்வுபெற்ற வங்கியர்
ஞாயிறு, மாலை 5:30

எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தேன். "தனியாகவோ சேர்ந்தோ" என்ற வாசகம் எனக்குப் புதிது. அதில் கணக்குப்பிள்ளை சொல்வதை ஏற்கிறேன். கீழ்நிலை ஊழியரையும் பலன் அடைந்தவரையும் ஒரே தராசில் வைப்பது நியாயம் இல்லை.

ஆனால் அமலாக்கத் துறை வழக்கே போலி என்கிற மாதிரி சிலர் வெளியே பேசுவதை ஏற்க மாட்டேன். 2023 மார்ச்சில் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி விசாரணை முடிந்த வழக்குகள் 25, அதில் 24-இல் தண்டனை. வழக்கில் சத்து இருக்கிறது என்றுதானே அர்த்தம்?


வாசுகி
ஞாயிறு, மாலை 6:12

ஐயா, அந்த 25-ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். சட்டம் அமலுக்கு வந்தது 2005-இல். பதினேழு வருடத்துக்கு மேல் ஓடி, முடிந்தவை 25. அதே கணக்கில், கோர்ட்டில் தாக்கலான குற்றப்பத்திரிகைகள் ஆயிரத்துக்கு மேல். 2014 முதல் பத்து ஆண்டில் 5,297 வழக்குகள், 40-இல் தண்டனை என்று 2024 ஆகஸ்டில் மக்களவையில் அரசே சொன்னது. முடிந்த வழக்கில் தண்டனை கிடைப்பது நல்லதுதான். முடியாமல் கிடக்கும் வழக்குகளில் உள்ளே இருப்பவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.


ஓய்வுபெற்ற வங்கியர்
ஞாயிறு, மாலை 6:40

அது நியாயமான கேள்வி அம்மா. இந்த வழக்குகளுக்கென்று தனி நீதிபதி, தனி அரசு வக்கீல், தினசரி விசாரணை என்று வைத்தால் என் கவலையும் தீரும், உங்கள் கவலையும் தீரும். ஒரு வருடத்தில் முடித்துக் காட்டட்டும், அதுவரை ஜாமீன் வேண்டாம் என்று நானே சொல்வேன். முடிக்க முடியாது என்றால் பூட்டி வைக்கவும் கூடாது. இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனால் சொல்கிறேன்.


பாரிமுனை ஜூனியர்
ஞாயிறு, இரவு 9:00

நன்றி ஐயா.

தறிக்காரர் மகன், உங்களுக்கு ஒன்று எழுத வேண்டும் என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது பணம். சொத்தை முடக்குவதும் ஆளைச் சிறையில் வைப்பதும் இந்தச் சட்டத்தில் வேறு வேறு வேலைகள். 5-வது பிரிவில் சொத்தை 180 நாளுக்குத் தற்காலிகமாக முடக்கலாம். தீர்ப்பு வழங்கும் ஆணையம் அதை உறுதி செய்தால் வழக்கு நடக்கும் காலத்தில் முடக்கம் தொடரும். ஆள் ஜாமீனில் வந்தாலும் அந்த நிலத்தை விற்க முடியாது. 8-வது பிரிவின் எட்டாம் உட்பிரிவு, நேர்மையாகப் பணத்தை இழந்தவர்களுக்கு அந்தச் சொத்திலிருந்து திருப்பித் தர வழி செய்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு வழக்கு முடியும் வரை காத்திருக்காமல் நடுவிலேயே சிறப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம். தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997 தனியாக இருக்கிறது, அதிலும் சொத்தை முடக்கிப் பிரித்துக் கொடுக்கலாம். உங்கள் அப்பாவின் பெயர் பொருளாதாரக் குற்றப்பிரிவின் முதலீட்டாளர் பட்டியலில் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். ரசீதுகளை லேமினேட் செய்துவிடாதீர்கள், அசலைக் கேட்கும்போது சிக்கல் வரும்.

அந்த ஆள் காரில் போனது உங்கள் அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று புரிகிறது. பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொல்லலாம், முதலீட்டாளர்கள் இருக்கும் ஊர்ப் பக்கமே வரக் கூடாது என்றும் நிபந்தனை கேட்கலாம். அரசு வக்கீல் கேட்க வேண்டும். உங்களைப் போன்றவர்கள் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும்.


தறிக்காரர் மகன்
ஞாயிறு, இரவு 9:35

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று இத்தனை நாள் பார்க்கவே இல்லை சார். புகார் கொடுத்ததோடு சரி. நாளைக்கு லீவு போட்டுப் போகிறேன். அந்தக் கணக்கர் வெளியே வரட்டும். அவருக்கு எதிராக நான் எதுவும் சொல்லவில்லை. முதலாளிக்கு மட்டும் என் மனசு இன்னும் இறங்கவில்லை.


தென்காசி வாசகி
திங்கள், இரவு 11:50

முதல் முறையாக எழுதுகிறேன், தவறு இருந்தால் மன்னிக்கவும். என் அக்கா வீட்டுக்காரர் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மேனேஜர். இரண்டு வருடம் முன்பு அமலாக்கத் துறை கூப்பிட்டு விசாரித்தது, ஒவ்வொரு முறையும் போய்வந்தார். கைது செய்யவில்லை. இப்போது சிறப்பு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது, வியாழக்கிழமை ஆஜராக வேண்டும். குற்றப்பத்திரிகையில் இவர் பெயரும் இருக்கிறதாம். கோர்ட்டுக்குப் போனால் அங்கேயே பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று தெரிந்த ஒருவர் சொல்லிவிட்டார். அக்கா மூன்று நாளாகத் தூங்கவில்லை. ஒரு பையில் இரண்டு செட் துணி, துண்டு, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டார். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூடப் பேசுகிறார்கள். தயவுசெய்து சொல்லுங்கள்.


பாரிமுனை ஜூனியர்
செவ்வாய், காலை 6:20

அம்மா, முதலில் ஒன்று. கட்டாயம் போக வேண்டும். போகாமல் இருந்தால்தான் வாரண்ட் வரும், அப்புறம் உண்மையிலேயே சிக்கல்.

2024 மே 16-இல் தர்சேம் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விசாரணைக் காலத்தில் கைது செய்யாத ஒருவரை, கோர்ட் வழக்கைக் கோப்பில் எடுத்த பிறகு, அமலாக்கத் துறை தன் 19-வது பிரிவு அதிகாரத்தை வைத்துக் கைது செய்ய முடியாது. சம்மனுக்கு ஒழுங்காக ஆஜராகிறவர் காவலில் இருப்பவர் அல்ல. ஆகவே அவர் ஜாமீன் கேட்கவே தேவையில்லை. 45-வது பிரிவின் இரட்டை நிபந்தனையும் அவருக்கு வராது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன் என்று கோர்ட் ஒரு பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 88-வது பிரிவு, புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 91. அவர்களுக்குக் காவல் வேண்டும் என்றால் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போட்டு, காரணம் காட்டி, உங்கள் தரப்பையும் கேட்ட பிறகுதான் எடுக்க முடியும்.

ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீர்ப்பின் நகல் கையில் இருக்கட்டும். இதுவரை அவர் நேரில் போன எல்லாச் சம்மன்களின் நகலையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். அதுதான் அவருக்குப் பெரிய பலம். ஆதார் அட்டையையும் மறக்க வேண்டாம்.


கோவை கணக்குப்பிள்ளை
செவ்வாய், காலை 7:05

பயப்படாமல் போய்வாருங்கள் அம்மா. காலையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள், எத்தனை மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது.


தென்காசி வாசகி
வியாழன், மாலை 6:45

போய்விட்டு வந்துவிட்டார். பத்தரை மணிக்குப் போனோம். பன்னிரண்டே காலுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். வக்கீல் அந்தத் தீர்ப்பைச் சொன்னார். அமலாக்கத் துறை வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார், நீதிபதி கேட்டுக்கொண்டார். அப்புறம் பிணைப்பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வாய்தா கொடுத்துவிட்டார்கள். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா அந்தத் துணிப்பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பீரோவில் வைத்தார். மாத்திரையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, மதியம் போட வேண்டியதைப் போட்டீர்களா என்று கேட்டார். அப்போதுதான் அழுதார். உங்கள் எல்லோருக்கும் நன்றி.


பாரிமுனை ஜூனியர்
வியாழன், இரவு 8:10

ரொம்ப சந்தோஷம் அம்மா. ஒரு வாய்தாகூடத் தவற விடாதீர்கள், உடம்பு சரியில்லை என்றால் முதல் நாளே வக்கீலிடம் சொல்லுங்கள்.

கணக்கரின் மனு உயர் நீதிமன்றத்தில் நம்பர் ஆகிவிட்டது. அடுத்த செவ்வாய் பட்டியலில் வரும் என்று நினைக்கிறேன். பிரேம் பிரகாஷ் தீர்ப்பையும், அவர் வங்கிக் கணக்கில் ஐந்து வருடமாகச் சம்பளத்தைத் தவிர வேறு எதுவும் விழவில்லை என்பதற்கான பட்டியலையும் சேர்த்திருக்கிறோம். பட்டியலைப் போட உதவிய கணக்குப்பிள்ளை சாருக்கு நன்றி. அந்த அம்மா இன்று ஃபோன் செய்தார். செவ்வாய்க்கிழமை என்று சொன்னேன். "செவ்வாய்க்கிழமை" என்று ஒருமுறை திரும்பச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.